பதில் சொல்ல வந்தவர்கள்

லிங்க்ட்இன் என்னும் தொழில்முறைச் சமூக வலைத்தளத்தில் உலவி வருபவர்களுக்கு ஒரு விசித்திரம் அடிக்கடி கண்ணில் படுவதுண்டு. ஒரு துறையில் பல்லாண்டு உழைத்துத் தேர்ந்த ஒருவர், தாம் கற்றறிந்தவற்றையெல்லாம் திரட்டி, நான்கு பத்திகளில் பக்குவமாக எழுதி வெளியிடுகிறார்; இருபது பேர் விருப்பக் குறியிட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். அதே மனிதர் மறுவாரம், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வந்து வேலை செய்ய விருப்பம் என்று ஒற்றை வரியில் ஒரு கேள்வியைப் போட்டு, அதன் கீழே நான்கு விடைகளை வரிசையாக வைத்துவிட்டாலோ, அவரை முன்பின் அறியாதவர்கள்கூட நின்று, நிதானித்து, ஒன்றைத் தொட்டு வாக்களித்துவிட்டுப் போகிறார்கள். வாரம் முடிவதற்குள் வாக்குகள் ஆயிரத்தைத் தாண்டிவிடுகின்றன. கட்டுரைக்கு வராத ஜனங்கள் கேள்விக்கு மட்டும் கூடி வருவானேன்? அவ்வாறு வந்தவர்களில் நூற்றுக்கு 62 பேர் ‘இரண்டு நாள் போதும்’ என்று சொன்னார்கள் என்றால், அதிலிருந்து உத்தியோகஸ்தர்களின் மனோபாவத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதுதான் என்ன? முதற்கேள்விக்கு மனோதத்துவ சாஸ்திரமும் இரண்டாவதற்குப் புள்ளியியலும் விடை சொல்கின்றன. கூட்டத்தை இழுத்து வரும் அதே அம்சங்கள்தாம் அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையை நம்பத்தகாததாகவும் ஆக்கிவிடுகின்றன என்பதே இந்த விஷயத்தில் உள்ள ருசிகரம்.

முதலில் கருவியின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். 2003-ஆம் ஆண்டில் தொடங்கி, 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் 2,620 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட இத்தளம், இன்றைய வடிவிலான வாக்கெடுப்பு வசதியை, அலுவலகங்களெல்லாம் பூட்டிக் கிடந்த 2020 மே மாதத்தில் கொண்டுவந்தது. கேள்வி 140 எழுத்துக்களுக்குள் அடங்க வேண்டும். விடைகள் இரண்டுக்குக் குறையாமலும் நான்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 30 எழுத்துக்களுக்குள் முடிய வேண்டும். வாக்குப்பெட்டி ஒரு நாள் முதல் இரண்டு வாரம் வரை திறந்திருக்கும். இவையெல்லாம் சில்லறை விதிகள். நாம் மனத்தில் இருத்த வேண்டியவை இரண்டே இரண்டு. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, எந்த விடைக்கு எத்தனை பங்கு என்பதை, தாமும் ஒரு வாக்குப் போட்டவர் மாத்திரமே காண முடியும் என்பது ஒன்று. யார் எந்த விடைக்கு வாக்களித்தார் என்பதைக் கேள்வி கேட்டவர் பெயரோடு பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. மூடிவைத்த முடிவு, திறந்துவைத்த பெயர் என்னும் இந்த இரண்டிலிருந்துதான் மேலே சொல்லப்போகும் அனைத்தும் கிளைக்கின்றன.

மூடிவைத்ததைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் மனித சுபாவம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எதைக் கண்டும் எழாத ஆவல் இதைக் கண்டு மட்டும் எழுவதற்குக் காரணம் வேண்டுமல்லவா? அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியுரை ஒன்றில், ஆவல் என்பது அறியாமையிலிருந்து பிறப்பதில்லை, அறிந்ததற்கும் அறிய விரும்புவதற்கும் நடுவே தெரியும் இடைவெளியிலிருந்தே பிறக்கிறது என்று விளக்கினார்; இதை ‘அறிவிடைவெளி’ என்று நாம் குறிக்கலாம். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய பரிசோதனை மிக எளியது. கணினித் திரையில் பல சதுரங்கள் மூடப்பட்டிருக்கும். சுட்டியால் தட்டினால் ஒவ்வொன்றும் திறக்கும். சிலருக்குக் காட்டிய திரையில் ஒவ்வொரு சதுரத்தின் அடியிலும் ஒரு தனிப் பிராணியின் படம் இருந்தது. வேறு சிலருக்குக் காட்டியதில் எல்லாச் சதுரங்களும் சேர்ந்து ஒரே பிராணியின் உருவமாக இருந்தன. பழகிக்கொள்வதற்காகச் சில சதுரங்களைத் தட்டிப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தும், முழு உருவம் ஒளிந்திருந்த திரையின் முன் அமர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகச் சதுரங்களைத் திறந்துகொண்டே போனார்கள். பாதி தெரிந்த உருவம் மீதியைத் தேடச் செய்தது. லிங்க்ட்இன் வாக்கெடுப்பும் அத்தகைய பாதி உருவமே: கேள்வி தெரிகிறது, சாத்தியமான விடைகள் நான்கும் தெரிகின்றன, தம்முடைய விடையும் வாசகருக்குத் தெரியும், தம்மைப் போன்ற பிறர் என்ன நினைக்கிறார்கள் என்ற ஒரே ஒரு துண்டு மட்டும் மறைந்திருக்கிறது, அதைத் திறக்கும் விலையும் ஒரு விரல் தொடுதல்தான்.

விலை மலிவு என்பதும் இங்கே முக்கியமான காரணம். ஒருவருடைய கட்டுரைக்கு மறுமொழி எழுத வேண்டுமானால், சொல்லத்தக்க கருத்து ஒன்று வேண்டும், அதை வாக்கியமாக்க வேண்டும், மேலதிகாரியும் பழைய சகாக்களும் நாளைய வேலை தருபவரும் படிக்கக்கூடிய இடத்தில் நம் பெயரோடு அதை நிறுத்த வேண்டும். இத்தனை சங்கடத்துக்கும் துணிபவர் எப்போதும் சிலரே. வாக்கெடுப்போ வாக்கியத்தை நமக்காக எழுதிவைத்துவிட்டுத் தேர்ந்தெடுக்க மாத்திரம் சொல்கிறது. இதனோடு இயந்திரத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் பதிவை யாருக்கு மேலே காட்டுவது என்று தீர்மானிக்கும் நிரல், ஒரு பதிவைக் கண்டவர் விரும்புவாரா, மறுமொழி எழுதுவாரா, பகிர்வாரா என்று ஊகித்து வரிசைப்படுத்தி வந்தது. அதன் முன்னே ஒருவர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதையும் அந்த ஊகத்தில் சேர்த்திருப்பதாக லிங்க்ட்இன் பொறியாளர்கள் 2020-இல் எழுதினார்கள். நிற்கவும் தொடவும் செய்கின்ற பதிவு, இத்தகைய கணக்கில் பின்தங்கிக் கிடக்கக் காரணமில்லை. ஆகவே காலைக் காப்பி குடிப்பது எப்போது என்பது முதல் வெற்றிக்குத் தேவை உழைப்பா, அதிர்ஷ்டமா என்பது வரை, விடை தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லாத கேள்விகளெல்லாம் தளத்தை நிறைத்தன. வாக்கெடுப்புகள் மிதமிஞ்சிவிட்டன என்று உறுப்பினர்கள் முறையிடுவதாகவும், இனி அவற்றைக் குறைத்துக் காட்டுவதாகவும் 2022-இல் அந்நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இது கூட்டம் சேர்ந்த கதை. சேர்ந்த கூட்டத்தின் சதவிகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதே கடினமான பகுதி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்கள் சொல்வது, மாதிரியெடுப்பு என்னும் கலையின் சாராம்சம் முழுவதையும் ஒரு வரியில் அடக்கியது என்றே சொல்லலாம். ஆனால் அப்பழமொழிக்குள் சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனை ஒன்று இருக்கிறது: கரண்டியை விட்டுக் கிளறி, அகப்பட்டதை எடுத்துப் பார்ப்பவர் சமைப்பவரே, சோறு தானாக முன்வருவதில்லை. ஒவ்வொரு பருக்கைக்கும் அகப்படுவதற்குச் சமமான வாய்ப்பு இருந்தால்தான் ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் அனுமானிக்க முடியும். இதையே ‘சமவாய்ப்பு மாதிரி’ என்கிறோம். நன்றாக வெந்து மேலே மிதக்கும் பருக்கைகள் மாத்திரம் தாமாகத் துள்ளிக் கரண்டியில் ஏறிக்கொள்ளுமானால், அடியில் அரிசி வேகாமல் கிடப்பதை ஆயிரம் பருக்கைகளைப் பார்த்தாலும் அறிய முடியாது. பதில் சொல்ல விரும்பியவர் தாமே வந்து பதில் சொல்வதால் விளையும் இந்தக் கோணலைத் ‘தன்தேர்வுச் சாய்வு’ என்று அழைப்போம்.

இந்தச் சாய்வு எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 1936-ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைவிடப் பிரசித்தமான சாட்சி கிடையாது. லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வாரப் பத்திரிகை அதற்கு முந்திய சில தேர்தல்களின் முடிவைச் சரியாகச் சொல்லிக் கியாதி பெற்றிருந்தது. அவ்வாண்டு அது ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவிகிதம் பெற்று வெல்வார், பதவியில் இருந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 43 சதவிகிதத்தோடு தோற்பார் என்று அது பிரசுரித்தது. நடந்ததோ, ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவிகித வாக்குகளோடு, மெய்ன், வெர்மாண்ட் என்னும் இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற அனைத்தையும் கைப்பற்றினார். இதைவிடச் சுவையானது, அப்போது கருத்துக்கணிப்பாளராகப் பெயர் பெறத் தொடங்கியிருந்த ஜார்ஜ் கேலப், மிகச் சிறிய மாதிரியைக் கொண்டே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சொன்னதோடு நில்லாமல், டைஜஸ்டின் சீட்டுகள் புறப்படுவதற்கு முன்பே அதன் முடிவு எவ்வளவு பிசகாக இருக்கும் என்பதையும் ஏறத்தாழச் சரியாக முன்கூட்டிச் சொல்லிவிட்டது. டைஜஸ்ட் அனுப்பவிருந்த விலாசங்களைப் போன்ற விலாசங்களுக்குச் சில ஆயிரம் அஞ்சலட்டைகளைத் தாமே அனுப்பிப் பார்த்ததுதான் அவருடைய மந்திரம்.

டைஜஸ்டின் விலாசங்கள் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் திரட்டப்பட்டவை. பொருளாதார மந்தத்தின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். அவர்கள் ரூஸ்வெல்ட்டை வெறுத்தார்கள்: இவ்விளக்கமே பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் நிலவியது. அது பாதி உண்மை. மீதியைக் கண்டவர் பெவெரில் ஸ்குவயர் என்னும் அரசியல் ஆராய்ச்சியாளர். 1937-இல் கேலப் நிறுவனம் வேறொரு கணிப்பின்போது, டைஜஸ்டின் சீட்டு உங்களுக்கு வந்ததா, வந்திருந்தால் திருப்பி அனுப்பினீர்களா, தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று ஜனங்களைக் கேட்டு வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1988-இல், ஸ்குவயர் அந்தப் பழைய ஏடுகளைத் தூசு தட்டிக் கணக்குப் பார்த்தார். சீட்டு வந்து திருப்பியும் அனுப்பியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்திருந்தார்கள். சீட்டு வந்தும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டவர்களிலோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அவர் பக்கம் இருந்தார்கள். அதாவது, வசதி படைத்தவர்கள் என்று சொல்லப்பட்ட அந்தப் பட்டியலிலேயே எல்லோரும் பதில் அனுப்பியிருந்தால், எண்ணிக்கையில் பிழை இருந்திருக்கும், ஆனால் வெல்பவர் ரூஸ்வெல்ட் என்பது தெரிந்திருக்கும். கோபமுற்றவர்களுக்குத் தபால்பெட்டிவரை நடக்க உற்சாகம் இருந்தது, திருப்தியுற்றவர்களுக்கு இல்லை. பேசினவர்களை எண்ணிய பத்திரிகை, மௌனமாக இருந்தவர்களை எண்ணத் தவறியது.

அலுவலக வருகை பற்றிய வாக்கெடுப்பில் நடப்பதும் இதுவே. அதைக் காண்பவர்கள் யார்? கேட்டவரின் தொடர்பு வட்டத்திலும் அதை ஒட்டிய வட்டங்களிலும் இருப்பவர்கள். கண்டவர்களில் தொடுபவர்கள் யார்? அந்த விஷயத்தில் மனம் கசந்தவர்களும் மனம் குளிர்ந்தவர்களும். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சுக்கே இடமில்லாத ஆலைத் தொழிலாளியும் செவிலியும் அந்தப் பானையில் எந்த ஆழத்தில் இருக்கிறார்களோ! சரி, ஆயிரம் வாக்குகள் போதாவிட்டால் லட்சம் வாக்குகள் வரட்டுமே, அப்போது பிழை தேய்ந்து போகாதா என்று கேட்கத் தோன்றும். இந்த இடத்தில்தான் நம் உள்ளுணர்வு நம்மைக் கைவிடுகிறது. சமவாய்ப்பு மாதிரியில் எண்ணிக்கை கூடக் கூடப் பிழை குறைந்துகொண்டே போகும். தன்தேர்வுச் சாய்வோ எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுவதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஷியாவ்-லி மெங், 2016-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலை ஒட்டி எடுத்த கணிப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கணக்கு யாரையும் திடுக்கிடச் செய்யும்: பதில் சொல்வதில் இருந்த மிகச் சிறிய சாய்வினால், சுமார் 23 லட்சம் பேரிடம் பெற்ற பதில்களின் தரம், முறைப்படி எடுத்த ஏறக்குறைய 400 பேரின் பதில்களுக்குத்தான் ஈடாயிற்று. மாதிரி பெரிதாக ஆக, தவறான விடையின் மேல் நமக்குள்ள நிச்சயம் மாத்திரமே பெரிதாகிறது.

இவ்வளவும் கேட்டபின், தாமாக வந்த பதில்களால் பிரயோஜனமே இல்லையென்று தீர்ப்பெழுதிவிடத் தோன்றினால், சற்றுப் பொறுக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலின்போது, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுச் சாதனத்தின் மூலம், விளையாட வந்தவர்களிடம் நாள்தோறும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் ஆண்கள். 65 பேர் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். இதைவிடக் கோணலான மாதிரியை முயன்றுகூடத் தயாரிக்க முடியாது. அப்படியிருந்தும் வெய் வாங், ஆண்ட்ரூ கெல்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பதில் சொன்ன ஒவ்வொருவரின் பால், வயது, கல்வி, மாநிலம், கட்சிச் சார்பு போன்றவற்றை வைத்து அவர்களை ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் அபிப்பிராயத்துக்கும் உண்மையான வாக்காளர்களிடையே அக்கட்டத்துக்குள்ள விகிதாசாரத்தின்படி எடை கொடுத்தார்கள். அவ்வாறு திருத்திய கணிப்பு, பேர்போன கணிப்புகளோடு ஒப்பிடத்தக்கதாக வந்தது. வந்தவர் யார் என்று தெரிந்தால், வராதவரின் இடத்தை ஓரளவு நிரப்பலாம்.

லிங்க்ட்இன்னின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். டைஜஸ்ட் ஆசிரியருக்குக் கிடைக்காத பொருள் ஒன்று அங்கே கேள்வி கேட்பவருக்குக் கிடைக்கிறது: வாக்களித்தவரின் பெயர், உத்தியோகம், ஊர், அனுபவ ஆண்டுகள். பத்தாண்டு அனுபவமுள்ளவர்கள் ஒரு விடையையும் புதிதாக வந்தவர்கள் வேறொரு விடையையும் தேர்ந்தார்கள் என்பது, மொத்தத்தில் 62 சதவிகிதம் என்பதைவிட எவ்வளவோ மேலான செய்தி. வாக்கெடுப்பு முடிந்தபின் அந்தப் பட்டியலை ஊன்றிப் படிப்பவர் வெகு சிலர். சதவிகிதத்தைப் படமாக்கி, ‘தொழில்முறையாளர்களில் 62 சதவிகிதத்தினர் கூறுகிறார்கள்’ என்று தலைப்பிட்டு மறுபடியும் வெளியிடுபவர்களே பலர். கைக்கு வந்த தங்கத்தை விட்டுவிட்டுத் தவிட்டைப் பொட்டலம் கட்டும் காரியம் அது.

ஆனால் பெயர் தெரிவதற்கும் ஒரு கூலி உண்டு. தேர்தலில் வாக்கு ரகசியமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1856-இலும் பிரிட்டன் 1872-இலும் சட்டம் செய்ததற்குக் காரணம், பார்க்கிறவர் இருக்கும்போது வாக்கு மாறும் என்ற அனுபவமே. இப்போதைய வேலையை விட்டுப் போக எண்ணுகிறீர்களா என்று ஒரு மனிதவள அதிகாரி தம் பெயரில் வாக்கெடுப்பு நடத்தினால், அவருடைய நிறுவனத்தில் உள்ளவர்கள் ஒன்று வாக்களிக்க மாட்டார்கள், அல்லது வாக்களிக்கத் தக்கதை வாக்களிப்பார்கள். ஆகையால் சம்பளம், மேலதிகாரி, ராஜினாமா ஆகியவற்றைப் பற்றி இந்த மேடையில் கேட்பது வீண். நீங்கள் எந்தக் கருவியை உபயோகிக்கிறீர்கள், எந்தத் திறமையைக் கற்க விரும்புகிறீர்கள் என்பவை போன்று, சொல்வதால் ஒருவருக்கும் நஷ்டம் வராத கேள்விகளே இங்கே நேர்மையான விடை பெறும்.

கேள்வியின் சொற்களும் விடையை வளைக்கும். 1941-இல் டொனால்ட் ரக் என்பவர் அமெரிக்கர்களை இரு பகுதியாக்கி, ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பகுதியினரையும், அவற்றைத் தடைசெய்ய வேண்டுமா என்று மறு பகுதியினரையும் கேட்டார். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள், தடைசெய்ய வேண்டும் என்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். அனுமதி மறுப்பதும் தடைசெய்வதும் ஒன்றுதான் என்பது தர்க்கத்துக்குத் தெரியும், மனத்துக்குத் தெரியவில்லை. அதைவிட வேடிக்கையானது, ஜார்ஜ் பிஷப்பும் சகாக்களும் சின்சினாட்டி நகரத்தில் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. ‘1975-ஆம் ஆண்டுப் பொதுவிவகாரச் சட்டம்’ என்று ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லி, அதை ரத்துச் செய்யலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆயினும் சுமார் மூன்றில் ஒருவர் திட்டவட்டமாக ஓர் அபிப்பிராயம் சொன்னார். கேட்கும்போதே ‘இதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை’ என்று சொல்லும் வழியையும் திறந்து வைத்தபோது, அந்தக் கூட்டம் வெகுவாகக் குறைந்துபோயிற்று.

இங்கேதான் நாம் முன்னே பார்த்த ஆவலும் பின்னே பார்த்த பிழையும் வந்து முட்டிக்கொள்கின்றன. லிங்க்ட்இன்னில் முடிவைக் காண வாக்களித்தே ஆக வேண்டும் என்பதால், கருத்தே இல்லாதவரும், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத துறையில் இருப்பவரும், முடிவைப் பார்க்கும் ஆசையால் ஏதோ ஒரு விடையைத் தொட்டுவிடுகிறார்கள். அந்தத் தொடுதல் பதிவைப் பரப்ப உதவுகிறது. அதே தொடுதல் சதவிகிதத்தைக் கெடுக்கிறது. எந்த வாக்கு மனத்திலிருந்து வந்தது, எது வெறும் ஆவலில் விழுந்தது என்று பிறகு பிரித்தெடுக்க எந்தக் கணிதத்தாலும் இயலாது. ஆதலால் இத்தளத்தில் வாக்கெடுப்பு நடத்த எண்ணும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: விடைகளை மூன்றாக நிறுத்திக்கொண்டு, நான்காம் இடத்தை, ‘கருத்தில்லை, முடிவைக் காட்டுக’ என்பதற்கு ஒதுக்கிவிடுங்கள், வாக்கெடுப்பு முடிந்ததும், அந்த நான்காம் இடத்தில் விழுந்தவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கிட்டு, எத்தனை பேர், பெரும்பாலும் எந்தத் துறையினர் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.